மறந்துபோகிற பெற்றோரைப் பராமரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்



பிழைப்பைத் தேடி மும்பைக்கும் புனேக்கும் பெங்களூருக்கும் டெல்லிக்கும் வந்து குடியேறிய நம் குடும்பங்களில் ஒரு காரியம் திரும்பத் திரும்ப நடைபெறுகிறது. ஊரில் தகப்பனார் மரித்துப்போகிறார். தனித்துவிடப்பட்ட தாயாரை மகன் தன்னோடு அழைத்து வருகிறார். வந்த சில வாரங்களுக்குள் தாயாரின் நடத்தை மாறிவிட்டதுபோல் தோன்றுகிறது. ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்கிறார்கள். சாப்பிட்டு அரைமணி நேரம் ஆகுமுன்னே, தமக்கு இன்னும் சோறு போடவில்லை என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்கிறார்கள். கழிவறை எந்தப் பக்கம் என்று தெரியாமல் சமையலறையில் திகைத்து நிற்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் பையைக் கையில் எடுத்துக்கொண்டு, "என்னை வீட்டுல கொண்டு விட்டுருங்க" என்று வாசலில் நின்று அழுகிறார்கள்.

"ஊரில் நன்றாகத்தானே இருந்தார்கள்?" என்று மகன் கலங்குகிறார். "வேண்டுமென்றே செய்கிறார்கள்" என்று மருமகள் எண்ணுகிறார். இரண்டுமே சரியல்ல. பல்லாண்டு பழகிய வீடும், கிணற்றடியும், கடைத்தெருவும், பெயர் சொல்லி அழைக்கும் அயலாரும் சேர்ந்து தாயாரின் மறதியை இதுவரை மூடி வைத்திருந்தார்கள். நகரத்து ஒற்றை அறை வீட்டில் அந்தத் துணைகள் யாவும் விலகிப்போனபோது, முன்னமே இருந்த நோய் வெளியே தெரிந்தது. இப்படிப்பட்ட வீடுகளில் அன்புக்குக் குறைவில்லை. குறைவாயிருப்பது பயிற்சி. அதைக் குறித்தே இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

இது என்ன நோய்?

மருத்துவர்கள் இதை டிமென்ஷியா என்கிறார்கள். தமிழில் மறதி நோய் என்று சொல்லுகிறோம். மறதி இதின் ஒரு முகம் மாத்திரமே. பேச்சு, காலமும் இடமும் அறிதல், நிதானித்துத் தீர்மானித்தல், ஆடை உடுத்துதல் ஆகிய யாவும் சிறிது சிறிதாய்க் குறைந்துபோகின்றன. இதின் வகைகளில் அதிகமாய்க் காணப்படுவது அல்சைமர் நோய். 1906-ஆம் ஆண்டில் அலோயிஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர், தாம் கவனித்துவந்த ஒரு பெண்மணி மரித்தபின் அவரது மூளையைச் சோதித்து, அதில் கண்ட மாற்றங்களை மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தார். மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைபடுவதாலும், வேறு சில காரணங்களாலும் இந்நிலை வரக்கூடும்.

2023-இல் வெளியான தேசிய அளவிலான ஓர் ஆய்வு, இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 7.4 சதவீதத்தினர், அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேர், இந்நிலையில் வாழ்கிறார்கள் என்று கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடத்திலும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது அதிகமாய்க் காணப்பட்டது. அந்த விகிதப்படி பார்த்தால், முதியோர் 40 பேர் உள்ள ஒரு சபையில் சராசரியாக மூன்று பேர் இந்த நோயோடு வாழ்கிறார்கள். உங்கள் சபையில் அந்த மூவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், அவர்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள் என்பதே அர்த்தம்.

ஒரு போதகனாக ஒன்றைத் தெளிவாய்ச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இது பிசாசின் பிடியல்ல, பரம்பரைச் சாபமல்ல, விசுவாசக் குறைவின் பலனுமல்ல. நீரிழிவைப்போல, பக்கவாதத்தைப்போல, இதுவும் சரீரத்தில் உண்டாகும் நோய். நோயுற்றவருக்காக ஜெபியுங்கள், நானும் ஜெபிக்கிறேன். ஆனால் அவர்களைச் சுற்றி நின்று உரத்த சத்தமிட்டு அதட்டாதிருங்கள். ஏன் அதட்டப்படுகிறோம் என்று அவர்களால் விளங்கிக்கொள்ள முடியாது; அந்தப் பயம் மாத்திரம் மனதில் தங்கிவிடும். மருந்தை நிறுத்தும்படி ஒருவருக்கும் ஆலோசனை சொல்லாதிருங்கள்.

முதலாவது செய்ய வேண்டியது மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே. தைராய்டு சுரப்பியின் குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டதால் உள்ளே இரத்தம் கட்டுதல் ஆகியவையும் மறதியைப்போலவே தோற்றமளிக்கும். இவை பெரும்பாலும் சிகிச்சைக்கு உட்படக்கூடியவை. காதையும் கண்ணையும்கூடச் சோதிக்க வேண்டும். காது கேளாததை மறதி என்று எண்ணிவிடுகிற வீடுகள் உண்டு. அல்சைமர் நோய்க்குத் தரப்படும் மாத்திரைகள் அறிகுறிகளை ஓரளவு தணிக்கின்றன. நோயை முற்றிலும் நீக்குவதில்லை. ஆகவே மருத்துவமனையில் கழிகிற சில மணி நேரம் போக, மீதமுள்ள வருடங்கள் முழுவதும் வீட்டாரின் கைகளிலேயே இருக்கின்றன.

அன்பு மாத்திரம் போதுமா?

ஐந்தாம் கற்பனையை நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் மனப்பாடமாய் அறிவார்கள். ஆனால் தன் பெயரையே மறந்துபோன தாயாரைக் கனப்படுத்துவது எப்படி என்று நமக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அன்பு மிகுதியினாலே நாம் செய்கிற சில காரியங்களே அவர்களை வருத்துகின்றன. "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று விருந்தாளிகள் முன்பாகச் சோதிக்கிறோம். "இப்பத்தானே சொன்னேன்" என்று திருத்துகிறோம். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, அவர்கள் தாமே செய்யக்கூடியதையும் கையிலிருந்து பிடுங்கிச் செய்துவிடுகிறோம்.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாம் கிட்வுட் என்ற அறிஞர் இதைக் குறித்து ஆழமாய் ஆராய்ந்தார். அவர் இளவயதில் ஆங்கிலிக்கன் சபையில் குருப்பட்டம் பெற்றவர். 1997-இல் வெளிவந்த தமது நூலில், மறதி நோயாளியின் நிலை கெடுவதற்கு மூளையின் சேதம் மாத்திரம் காரணமல்ல, சுற்றியிருப்பவர்கள் நடத்துகிற விதமும் காரணம் என்று அவர் விளக்கினார். ஏமாற்றுதல், சிறுபிள்ளையைப்போல் நடத்துதல், அவர்களால் தொடர முடியாத வேகத்தில் அவசரப்படுத்துதல், அவர்கள் முன்பாகவே அவர்கள் அங்கே இல்லாததுபோல் பேசுதல் ஆகியவற்றை அவர் வரிசைப்படுத்தினார். இவற்றைச் செய்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல, அறியாமல் செய்கிறார்கள் என்பதையும் அவர் மறவாமல் குறிப்பிட்டார். அறியாமையால் வருவதைப் பயிற்சியால் மாற்ற முடியும்.

கோவாவில் கண்ட உண்மை

இதற்கு நம் தேசத்திலேயே சான்று உண்டு. கோவாவில் மறதி நோயாளிகள் உள்ள 81 குடும்பங்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2008-இல் வெளியானது. மருத்துவர் அல்லாத, உள்ளூர் மொழிகளை நன்கு பேசத் தெரிந்தவர்கள் இதற்கெனப் பயிற்றுவிக்கப்பட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது வீட்டுக்கே சென்று, ஆறு மாதம் குடும்பத்தாருக்கு ஆலோசனை கூறினார்கள். நோய் என்னவென்று விளக்கினார்கள். அன்றாடப் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்தார்கள். தொல்லை தரும் நடத்தைகளைக் கையாளும் வழிகளைச் சொன்னார்கள். தேவையானபோது மருத்துவரிடம் அனுப்பினார்கள். ஆறு மாத முடிவில், இந்த உதவியைப் பெற்ற பராமரிப்பாளர்களின் மன வேதனை, உதவிக்காகக் காத்திருந்த மற்றக் குடும்பத்தாரைவிடத் தெளிவாய்க் குறைந்திருந்தது. நோய் நீங்கவில்லை. ஆனால் அதைச் சுமந்தவர்களின் பாரம் இலகுவாயிற்று.

இன்னொரு பாடமும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் குடும்பப் பராமரிப்பாளர்களுக்காக "ஐ-சப்போர்ட்" என்ற இணையவழிப் பயிற்சியை உருவாக்கியது. நோயை அறிதல், பராமரிப்பாளராய் இருத்தல், தன்னைத் தான் கவனித்தல், அன்றாடப் பராமரிப்பு, நடத்தை மாற்றங்களைக் கையாளுதல் என்று அது ஐந்து பகுதிகளை உடையது. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் அதை இந்தியாவுக்கு ஏற்றபடி அமைத்துச் சோதித்தார்கள். 2021-இல் வெளியான அதின் முடிவுகளின்படி, சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இறுதிவரை நிலைத்திருக்கவில்லை. அவர்களது மனச்சோர்வும் பாரமும் குறிப்பிடத்தக்க அளவில் குறையவுமில்லை. ஆயினும் நோயாளியை ஒரு மனிதராய் மதித்து நோக்கும் மனப்பான்மை மேம்பட்டிருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுவே: பாடம் திரையில் கிடைக்கலாம், ஆனால் களைத்துப்போன ஒருவருக்கு வாசற்படி ஏறி வந்து பக்கத்தில் உட்காரும் ஒரு மனிதர் தேவை.

கற்றுக்கொள்ள வேண்டியவை

அப்படியானால் பயிற்சியில் எதைக் கற்றுக்கொள்ளுகிறோம்? சிலவற்றை இங்கே சொல்லுகிறேன்.

*உணர்வுக்குப் பதில் சொல்லுங்கள்.* "வீட்டுக்குப் போகணும்" என்று அழுகிறவரிடம், "இதுதான் உங்கள் வீடு" என்று வாதாடினால் அழுகை கூடுமேயன்றிக் குறையாது. அவர்கள் கேட்பது முகவரியை அல்ல. பாதுகாப்பாய் உணர்ந்த ஓர் இடத்தை. "வீட்டு ஞாபகம் வந்துட்டா அத்தை? வாங்க, உக்காந்து உங்க ஊரைப் பத்திப் பேசுவோம்" என்று கையைப் பிடித்து அழைத்துப் பாருங்கள். பொழுது இருட்டுமுன்னே விளக்கைப் போடுங்கள். மாலையில் கைக்கு ஏதேனும் சிறு வேலை கொடுங்கள். மரித்துப்போன கணவர் எங்கே என்று கேட்டால், ஒவ்வொரு தரமும் மரணச் செய்தியை அறிவிக்காதிருங்கள். அவர்களுக்கு அது ஒவ்வொரு தரமும் புதிய துக்கம். "மாமா ஞாபகமா இருக்கா?" என்று கேட்டு, அவரைப் பற்றிப் பேசவிடுங்கள்.

*ஒரு நேரத்தில் ஒரு சொல்.* "குளிச்சுட்டு, சேலை மாத்திட்டு, சாப்பிட வாங்க" என்பது மூன்று கட்டளை. முகத்துக்கு எதிரே வந்து, "எழுந்திருங்க" என்று ஒன்றைச் சொல்லிக் காத்திருங்கள். அது முடிந்தபின் அடுத்ததைச் சொல்லுங்கள். சொல் விளங்காவிட்டால் கையால் செய்து காட்டுங்கள்.

*குளிக்க மறுப்பதின் காரணத்தைத் தேடுங்கள்.* தண்ணீர் குளிர்ந்திருக்கலாம். வழுக்கி விழும் பயம் இருக்கலாம். பிறர் முன்பாக ஆடை களைய வெட்கம் இருக்கலாம். பழகிய வாளியையும் செம்பையும் வையுங்கள். வெதுவெதுப்பான நீரை அவர்கள் கையாலேயே ஊற்றவிடுங்கள். ஒரு துண்டால் சரீரத்தை மூடியே குளிப்பாட்டலாம். அன்று முடியாவிட்டால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மறுநாள் முயலுங்கள். ஒருநாள் குளியலைவிட அவர்களது நம்பிக்கை முக்கியம்.

*திடீர் மாற்றத்தை அலட்சியம் செய்யாதிருங்கள்.* மறதி நோய் மெதுவாய் வளருவது. ஓரிரு நாளுக்குள் குழப்பமோ, மயக்கமோ, ஆவேசமோ மிகுந்தால் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, புதிதாய்த் தொடங்கிய மாத்திரை ஆகியவற்றில் ஒன்று காரணமாயிருக்கலாம். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் அடிப்பதன் மூலமாய் அதைச் சொல்லக்கூடும்.

*பாதுகாப்பு.* காஸ் சிலிண்டரின் வால்வை மூடி வையுங்கள். மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். பெயர், வீட்டு எண், உங்கள் தொலைபேசி எண் ஆகியவற்றை அந்த நகரத்தின் மொழியிலும் எழுதி, அவர்கள் உடையில் பத்திரப்படுத்துங்கள். வழிதவறிப்போகிற நம் முதியவர்களுக்கு மும்பையில் தமிழில் வழி கேட்டால் யார் பதில் சொல்வார்கள்? சாப்பிடும்போது நிமிர்ந்து உட்காரச் செய்து சிறு கவளமாய்க் கொடுங்கள். அடிக்கடி புரையேறினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

*மீதியிருப்பதைக் காத்துக்கொள்ளுங்கள்.* வெங்காயம் உரிப்பதும், கீரை ஆய்வதும், துணி மடிப்பதும் கைகளுக்கு நெடுநாள் நினைவிருக்கும். மடிப்பு கோணலாயிருந்தால் என்ன? வேலை செய்தேன் என்ற திருப்தி அவர்களுக்குக் கிடைக்கிறதே! இளவயதில் பாடிய பாடல்களும் பேச்சு குறைந்தபின்னும் பலரிடம் தங்கியிருக்கின்றன. பிள்ளைகளின் பெயர் தெரியாதவர்கள் முழுப் பாடலையும் பாடுவதை உங்களில் அநேகர் கண்டிருப்பீர்கள்.

சம்பளத்துக்கு வருகிற பராமரிப்பாளர்

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீடுகளில் ஏஜென்சி மூலமாய் ஒரு பெண்மணியை நியமிக்கிறோம். மும்பையில் மாவ்ஷி என்கிறோம். வேறு இடங்களில் ஆயா என்கிறோம். படுக்கையில் இருப்பவருக்கு டயப்பர் மாற்றவும், உணவு ஊட்டவும் இவர்களில் அநேகர் அறிந்திருப்பார்கள். நடமாடுகிற, கோபப்படுகிற, "நீ யார், என் வீட்டுக்குள் எப்படி வந்தாய்?" என்று கேட்கிற ஒருவரைப் பராமரிப்பது வேறு வேலை. அதற்குப் பயிற்சி பெற்றிருக்கிறாரா என்று ஏஜென்சியிடம் கேளுங்கள். பெறாவிட்டால் அதைக் கொடுப்பது உங்கள் பொறுப்பு என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

மொழியின் காரியம் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு மிக முக்கியம். பின்னாளில் கற்ற மொழி முன்னதாய் மங்கி, தாய்மொழி கடைசிவரை தங்குவது இந்நோயில் பலரிடம் காணப்படுகிறது. நாற்பது ஆண்டு மும்பையில் ஹிந்தி பேசி உழைத்த தகப்பனார் இப்போது தமிழுக்கு மாத்திரம் தலையசைக்கலாம். ஆகவே தண்ணீர், சோறு, வலி, வாங்க, உக்காருங்க, பயப்படாதீங்க என்று இருபது தமிழ்ச் சொற்களைப் பராமரிப்பாளர் வாசிக்கக்கூடிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தாயாரின் வாழ்க்கையை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எந்த ஊர், என்ன வேலை செய்தார்கள், எப்படி அழைத்தால் பிடிக்கும், எதற்குப் பயப்படுவார்கள், எந்த நேரத்தில் காப்பி குடிப்பார்கள். முதல் சில நாட்கள் வீட்டார் ஒருவர் கூடவே இருந்து காண்பியுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, வீட்டாரும் பராமரிப்பாளரும் ஒரே முறையைக் கைக்கொள்ளுவதே. பகலில் மாவ்ஷி பொறுமையாய்ப் பேச, இரவில் மகன் அதட்டினால் தாயாருக்கு நிலைவரமில்லை. ஆகையால் இருவரும் ஒன்றாய் உட்கார்ந்து பயிற்சி பெறுவது நல்லது. 1992-இல் கேரளத்தில் தொடங்கப்பட்ட இந்திய அல்சைமர் சங்கம் பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா, டெல்லி முதலான நகரங்களில் கிளைகளை உண்டாக்கிப் பணி செய்துவந்திருக்கிறது. டெல்லியில் உள்ள தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் முதியோர் பராமரிப்புப் பயிற்சிகளை நடத்துகிறது. உங்கள் நகரத்தில் என்ன உண்டு என்று விசாரியுங்கள்.

கட்டிப்போடுவதையும், மருத்துவர் சொல்லாமல் தூக்க மாத்திரை கொடுப்பதையும் ஒருபோதும் அனுமதியாதிருங்கள். ஆவேசத்தை அடக்கக் கொடுக்கப்படும் சில மனநல மருந்துகள் மறதி நோயுள்ள முதியோரிடத்தில் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்தது. அதே சமயம், பராமரிக்க வருகிறவருக்கும் வாராந்தர ஓய்வும், வேளைக்கு உணவும், உரிய சம்பளமும், "அக்கா" என்று அழைக்கும் மரியாதையும் கொடுங்கள். நாம் அவரை நடத்துகிறபடியே அவர் நம் தாயாரை நடத்துவார்.

பராமரிக்கிறவரைப் பராமரிப்பது யார்?

பெரும்பாலான வீடுகளில் பெயர் மகனுக்கு, பாரம் மருமகளுக்கு. இரவில் மூன்று முறை எழுந்து, காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, திரும்பவும் அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லுகிற சகோதரியே, களைப்பினால் ஒருநாள் கோபம் வந்துவிட்டது என்று உங்களை நீங்களே ஆக்கினைக்குட்படுத்தாதிருங்கள். உங்களுக்கு ஓய்வு வேண்டும். அதைக் கேட்பது பாவமல்ல. தூக்கமில்லாமல், அழுகை அடங்காமல் நாட்கள் போகுமானால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை அழையுங்கள். இது அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. சகோதரரே, சம்பளத்தைக் கொடுத்துவிட்டதோடு உங்கள் கடமை தீர்ந்துவிடவில்லை. வாரத்தில் இரண்டு இரவு நீங்கள் விழித்திருங்கள். ஊரிலும் வேறு நகரத்திலும் இருக்கிற உடன்பிறந்தவர்களும் பணத்தினாலாவது, வருடத்தில் சில வாரங்கள் வந்து தங்குவதினாலாவது பங்கெடுக்கட்டும்.

சபை செய்யக்கூடியது

கோவாவில் வீடு வீடாய்ச் சென்றவர்கள் மருத்துவர்கள் அல்லர் என்பதை மறவாதிருங்கள். பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்களே. நம் சபைகளில் நர்சுகள் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியைகள் உண்டு. வீடு சந்திப்புக்குச் செல்லும் சகோதரிகள் குழு உண்டு. மருத்துவர் ஒருவரை அழைத்து, ஒரு சனிக்கிழமை முழுவதும் பயிற்சி நடத்துங்கள். அதற்கு வீட்டுப் பராமரிப்பாளர்களையும் அழையுங்கள். அவர் எந்த மதத்தினர் என்று பாராதிருங்கள். பின்பு இரண்டிரண்டு பேராய், மாதம் இருமுறை அந்த வீடுகளுக்குச் செல்லுங்கள். ஒருவர் தாயாரோடு பாடிக்கொண்டிருக்கட்டும். மற்றவர் மருமகளிடம், "நீங்க ரெண்டு மணி நேரம் வெளியே போயிட்டு வாங்க" என்று சொல்லட்டும்.

ஆராதனையில் அவர்கள் எழுந்து நடந்தாலோ, நடுவில் பேசினாலோ முறைத்துப் பாராதிருங்கள். அப்படிப்பட்ட ஒரு பார்வைக்குப் பயந்தே அநேக குடும்பங்கள் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். வாசலுக்கு அருகே, மின்விசிறிக்குக் கீழே, அவர்களுக்கென்று இரண்டு இருக்கைகளை ஒதுக்கி வையுங்கள்.

பிரியமானவர்களே, நம் பெற்றோர் நம்மை மறந்துபோகலாம். நாம் அவர்கள் பிள்ளைகள் என்பதை மறக்க நமக்கு நியாயமில்லை. வருகிற வாரத்திலேயே இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் மறதி கண்ட முதியவர் இருந்தால் மருத்துவரிடம் நாள் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், சில மாதங்களாய் ஆராதனைக்கு வராத ஒரு முதியவரின் வீட்டு வாசலைத் தட்டி, "உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" என்று கேளுங்கள்.